அசைபோடும் காளையின் முதுகில் ஒரு கீரைப்பாத்தி

(மாடித்தோட்ட ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டையில் மிருக உருவத்தில் செடித்தொட்டி செய்வது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். யானை, ஆமை, வாத்து, முயல் என்று இதில் எத்தனையோ செய்கிறார்கள். நான் ஒரே உருவத்தை எடுத்துக்கொள்கிறேன். காளை. அதிலும் காலை மடக்கிப் படுத்து அசைபோடுகிற காளை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் வேலையின் வரிசையைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு மரம் தேடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு இதில் என்ன செடி வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்த தொட்டிகள் ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை. முதலில் மரத்தைப் பாருங்கள். பிறகு வேரைப் பாருங்கள். மிருகம் மூன்றாவதாக வரட்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

பேலட் நமக்குப் புதிய பொருள் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறவர்கள் தொழிற்சாலை மதில் ஓரங்களில் அது அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தில் இறங்கும் இயந்திரமும் உதிரிபாகமும் டைல்ஸும் இதன்மேல் உட்கார்ந்துதான் வருகின்றன. சரக்கு இறங்கியதும் நல்லவை திரும்பச் சுற்றுக்குப் போகும். உடைந்தவை காயலான் கடைக்கு வரும். அங்கிருந்து அடுப்புக்கு விறகாகப் போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவச் சரக்கை வேகமாக ஏற்றி இறக்குவதற்காகப் பெரிய அளவில் பரவிய பொருள் இது. போர் முடிந்து அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பியபோது விட்டுச்சென்ற பேலட்டுகளையும் தூக்கு வண்டிகளையும் வைத்து அங்கே ஒரு பொது அமைப்பு தொடங்கப்பட்டது. நீல வண்ணம் பூசிய பேலட்டுகளை உலகெங்கும் வாடகைக்கு விடும் செப் நிறுவனம் அதன் வழியில் வந்ததுதான். அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். நீல பேலட் எங்கே கிடந்தாலும் அது வாடகைப் பொருள், இன்னொருவர் சொத்து. அதில் ஆணி பிடுங்கக் கூடாது.

மற்ற பேலட்டுகளில் எதை எடுப்பது? இதற்கு விடை அந்தக் கட்டையின் மேலேயே சுட்டு முத்திரையிட்டிருக்கும். ஓரக் கட்டையில், சில சமயம் பெயின்ட்டில், ஒரு கோதுமைக் கதிர் சின்னம் இருக்கும். பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, தயாரிப்பாளரின் எண், கடைசியில் இன்னும் இரண்டு எழுத்து. இந்தக் கடைசி இரண்டு எழுத்துதான் நமக்கு முக்கியம். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாம் கையில் எடுக்கும் பலகை எந்தெந்தக் கடலைத் தாண்டி வந்தது என்று தெரியாமல் அதில் கொத்தமல்லி வளர்க்கக் கூடாது.

1996-இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்களில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் இருப்பதைக் கண்டார்கள். உள்ளே இருந்து குடைந்து வெளியே வந்தது ஆசியாவைச் சேர்ந்த நீண்ட உணர்கொம்பு வண்டு. சீனாவிலிருந்து சரக்கு வந்த மரப்பெட்டிகளுக்குள் புழுவாக இருந்து கடல் தாண்டியிருந்தது. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 1999-இல் போர்ச்சுகலில் பைன் மரங்களை வாடவைக்கும் நூற்புழுவைக் கண்டறிந்தார்கள். அதுவும் ஐரோப்பாவுக்கு அந்நியமானதுதான். பதப்படுத்தாத பச்சை மரம் நாடு விட்டு நாடு போவதில் இருக்கும் ஆபத்து இப்படிப் புரிந்த பிறகு, 2002-இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலகப் பொது விதி வந்தது. ஏற்றுமதிச் சரக்கோடு போகும் மரக்கட்டையைச் சூடாக்க வேண்டும். கட்டையின் நடுவயிறு வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். அப்படிச் செய்த கட்டைக்கு எச்.டி. என்று முத்திரை. இல்லாவிட்டால் மெத்தில் புரோமைடு வாயுவில் மூட்டமிட வேண்டும். அதற்கு எம்.பி. என்று முத்திரை.

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பது என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் விவசாயத்தில் அதன் பயன்பாட்டை உலகம் கைவிட்டது. இப்படிப்பட்ட தொற்றுத் தடுப்பு வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதையும் நிறுத்திவிட்டது. நம் நாட்டு முத்திரைகளில் எச்.டி., எம்.பி. இரண்டையும் பார்க்கலாம். என் முடிவு இதுதான்: சாப்பிடும் செடி வைக்கும் தொட்டிக்கு எச்.டி. மட்டும் எடுங்கள். எம்.பி. என்றிருந்தால் வேண்டாம். முத்திரையே இல்லாதது உள்நாட்டில் சுற்றிய பேலட்டாக இருக்கும். அதன்மேல் பூச்சிமருந்து டப்பா வந்ததா பிஸ்கட் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய்க் கறை, வண்ணக் கறை, மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முத்திரையைப் பார்க்காமலே விட்டுவிடுங்கள்.

எச்.டி. என்று இருந்தால் இனிப் பூச்சியே வராது என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. உள்ளே இருந்த புழுவை அந்தச் சூடு கொன்றது, அவ்வளவுதான். நாளைக்கு உங்கள் வீட்டுக் கரையான் வந்து ஏறுவதை அது தடுக்காது.

முத்திரை பார்த்தாயிற்று. அடுத்து மரத்தின் ஜாதியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது பெரும்பாலும் பைன். மஞ்சளோடிய நிறம், வட்ட வட்டக் கணுக்கள், அறுக்கும்போது பிசின் வாசனை. எடை குறைவு, இழைக்க எளிது. நமக்கு இதுவே நல்லது. நம் பக்கத்துப் பேலட்டுகளில் ரப்பர் மரம் நிறைய வரும். பார்க்க வெளுப்பாக, வழவழப்பாக, அழகாக இருக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சையும் பொடிவண்டும் விரும்பிச் சாப்பிடும். கட்டைக்கடியில் மாவு உதிர்ந்தாற்போல் தூள் கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். நிழலில் இருக்கும் நாற்காலிக்கு அது சரி; ஈர மண்ணுக்குச் சரிவராது. யூகலிப்டஸ் கட்டைக்குக் கனமும் பலமும் உண்டு, ஆனால் ஆணி வைத்தால் பிளக்கும். அதை அடிச்சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேலட்டைப் பிரிப்பதுதான் இந்த வேலையில் மிகவும் பாடுபடுத்தும் கட்டம். ஐரோப்பாவில் 1961 முதல் புழங்கும் 1200க்கு 800 மில்லிமீட்டர் பேலட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. அந்த ஆணி சாதாரண ஆணியும் இல்லை. உடம்பில் முறுக்கோ வளையமோ உள்ளது. ஒன்றரை டன் சரக்கைச் சுமந்து உலகைச் சுற்ற வேண்டிய பொருள், அசையாதபடிதான் செய்திருப்பார்கள். அதைக் கடப்பாரை விட்டு நெம்பினால் ஆணி வராது, பலகை பிளக்கும். நெம்பாதீர்கள். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளியில் இரும்பறுக்கும் பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடுங்கள். அறுந்த ஆணியின் தலை பலகையிலேயே தங்கிவிடும். கறுத்த புள்ளியாகத் தெரியும். அது தெரிந்தால் ஒன்றும் குறையில்லை, அந்த மரம் செய்த வேலைக்கு அடையாளம். மின்சாரக் கருவி இல்லாதவர்கள் இரண்டு முனையிலும் ஆணி வரிசைக்குச் சற்று உள்ளே தள்ளிக் கைரம்பத்தால் அறுத்து, நடுப்பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நீளம் குறையும், நேரம் மிச்சம்.

பிரித்த பிறகு ஒவ்வொரு பலகை மேலும் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். உள்ளே புதைந்த ஆணி இழைப்புளியின் வாயை ஒரே இழுப்பில் போக்கிவிடும். சுழலும் ரம்பத்தில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை, மூக்குக்கு முகமூடி, தடித்த அடிப்பாகமுள்ள ஷூ. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

இப்போது வேருக்கு வருவோம். இந்தப் பெட்டியில் என்ன வளர்க்கப் போகிறீர்கள்? கீரை, கொத்தமல்லி, புதினா என்றால் 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் என்றால் 30 வேண்டும். நான் 30 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன்; எல்லாவற்றுக்கும் உதவும். 10 சென்டிமீட்டர் அகலப் பலகை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 30 வந்துவிடும். நீளம் 80, அகலம் 35. காளையின் வயிறு இது. இதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம், காரணம் எடை.

80, 35, 30 பெருக்கினால் 84 லிட்டர். அதை முழுக்கச் செம்மண்ணால் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 140 கிலோவைத் தொடும். அதனால்தான் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டப் பைகளிலும் மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கட்டியை வைத்தார்கள். தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்று கலந்தால் நனைந்த பிறகும் லிட்டருக்கு ஒரு கிலோ அளவில் நிற்கும். மரத்தையும் சேர்த்துக் காளை 100 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டட விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நம் காளை உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அதை நடு மாடியில் வைக்காதீர்கள். கீழே சுவரோ உத்திரமோ ஓடுகிற இடம் பார்த்து, அதன்மேல் வையுங்கள். மரக்கட்டையும் செங்கல்லும் வைத்துப் போட்ட பழைய மெட்ராஸ் ஒட்டு மாடி என்றால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் எதையும் ஏற்றக் கூடாது. தென்னைநார்த் தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, நாற்று கருகியதும் மரத்தில் விஷம் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள்.

பெட்டியைக் கோர்க்கும்போது மூலையில் நான்கு சட்டம் நிறுத்தி, பலகைகளை வெளியிலிருந்து திருகாணியால் பிடிக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி. கொஞ்சம் விலைதான், ஆனால் வாங்குங்கள். பேலட் பலகை காய்ந்த பலகை. துளையிடாமல் திருகினால் முனை பிளந்துவிடும். முதலில் சின்ன ட்ரில் பிட்டால் வழி செய்துவிட்டுத் திருகுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் சந்து விடுங்கள். மரம் தண்ணீர் குடித்தால் நீளத்தில் வளராது, அகலத்தில் உப்பும். சந்து இல்லாமல் இறுக்கினால் ஒன்றையொன்று தள்ளித் திருகாணியைப் பிடுங்கிவிடும். 80 சென்டிமீட்டர் நீளத்தில் ஈர மண் பக்கவாட்டில் தள்ளும் தள்ளு சாதாரணமானது கிடையாது. நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் போடாவிட்டால் காளைக்குத் தொப்பை விழும். அடிப்பலகையில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விரல் கனத் துளைகள். அடியில் இரண்டு சட்டம் வைத்துத் தரையிலிருந்து 5 சென்டிமீட்டராவது தூக்கிவிடுங்கள். காற்று நுழைய வேண்டும், தளத்து ஓட்டில் ஈரம் தங்கக் கூடாது.

உள்ளே பாலிதீன் விரிப்பை ஆணியடித்துச் சுற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. விரிப்புக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை அழுகவைக்கும். பெட்டி அளவுக்கு ஒரு வளர்ப்புப் பையை உள்ளே இறக்கிவிடுவதே மேல். மண் பையில் இருக்கும், மரம் வெளியே உலர்ந்து நிற்கும், மூன்று நான்கு ஆண்டு கழித்துப் பலகை போனாலும் செடியைக் கலைக்காமல் பையோடு தூக்கிவிடலாம்.

பூச்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வேலிக் கம்புக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசும் வழக்கம் உண்டு. அதில் கன உலோகங்கள் இருக்கும். உணவுச் செடி வளரும் பெட்டிக்கு அதைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் கரையானுக்கு எதிரான பழைய நல்ல மருந்து. படகுக்கும் வீட்டு மரத்துக்கும் பூசியிருக்கிறார்கள். ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். ஆகையால் பிள்ளைகள் கை படாத அடிச்சட்டத்துக்கு மட்டும், கையுறையோடு பூசுங்கள். மற்ற இடமெல்லாம் ஆளிவிதை எண்ணெய் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

மரமும் ஆயிற்று, வேரும் ஆயிற்று. இனி மிருகம்.

ஒரு செவ்வகப் பெட்டி நம் முன்னால் இருக்கிறது. இதை எந்த மிருகமாக்குவது? நின்ற நிலையில் உள்ள எந்த மிருகத்தைச் செய்தாலும் நான்கு கால் மேல் 100 கிலோவை நிறுத்த வேண்டும். நான்கு சிறு இடத்தில் தளத்தைக் குத்தும், காற்றடித்தால் ஆடும், பிள்ளைகள் சாய்ந்தால் கவிழும். அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பாருங்கள். வயிறு கூடு, கால்கள் குழாய். இருந்தும் பெரிய குதிரைகளின் வயிற்றுக்கடியில் ஒரு முட்டுத்தூண் நிற்கும். அவற்றைச் செய்யும் வேளார்களுக்கு எடையின் கணக்குத் தெரியும். நமக்கு முட்டுத்தூணும் வேண்டாம், காலும் வேண்டாம் என்றால் மிருகம் படுத்திருக்க வேண்டும். படுத்த நிலையில் தலை நிமிர்ந்து, முதுகு மட்டமாக, உடம்பு பெட்டியாகவே இருக்கும் மிருகம் எது? தஞ்சைப் பெரிய கோயிலில் அதைத் தினமும் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். சுமார் 12 அடி உயரம், 19 அடிக்கு மேல் நீளம், ஒரே கல். அந்தக் கல்லைச் செதுக்கியவர் காலைத் தனியாகப் பிரிக்கவில்லை; மடக்கி உடம்போடு ஒட்டவைத்தார். எங்கும் உடைவதற்கு ஒரு நுனியில்லை. அந்த வடிவ அறிவைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். நந்தி என்று சொல்லி முதுகில் கீரை விதைக்கச் சொல்லவில்லை. உழவு முடிந்து கொட்டிலில் படுத்து அசைபோடும் நம் வீட்டுக் காளையைச் செய்யச் சொல்கிறேன்.

நம் நாட்டுக் காளை என்று தூரத்திலிருந்தே சொல்லவைப்பவை மூன்று: திமில், அலைதாடி, கொம்பு. சிந்துவெளி முத்திரையில் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் செதுக்கியவர்கள்கூட இந்த மூன்றையும் விடவில்லை. நீங்களும் பிரவுன் பேப்பரை ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கி, பக்கத்தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். முகத்தின் மயிர், தசை, சுருக்கம் எதுவும் வேண்டாம். வெளிக்கோடு மட்டும். சுவரில் மாட்டி, அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். பசுவா, எருமையா, காளையா என்று ஒரு குழந்தையைக் கேளுங்கள். குழந்தை தயங்கினால் கோட்டைத் திருத்துங்கள், மரத்தைத் தொடாதீர்கள்.

தலையை ஒரே பலகையில் வெட்டினால் அட்டைப் பொம்மைபோல் தட்டையாக இருக்கும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் முழு மரத்துண்டிலிருந்து வேண்டாததை நீக்கிக்கொண்டே போய் உருவத்தை எடுக்கிறார்கள். நம்மிடம் அந்தக் கனம் இல்லை, 2 சென்டிமீட்டர் பலகைதான். ஆகவே அடுக்க வேண்டும். நடு அடுக்கு மூக்கிலிருந்து பிடரி வரை முழுத் தலை. அதற்கு இருபுறமும் மூக்கு நுனி இல்லாமல் தாடை மட்டும். அதற்கும் வெளியே கன்னமும் கண்ணும் மட்டும். ஐந்து அடுக்கை மரைன் வகைப் பசையால் ஒட்டி இறுக்கி ஒரு நாள் விட்டால் 10 சென்டிமீட்டர் கனத்தில் தலை கிடைத்துவிடும். படிக்கட்டுபோல் நிற்கும் விளிம்புகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் கரைத்தால் முகம் தானே வெளியே வரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். அரம் போட்டுக்கொண்டே இருக்கும்போது ஒரு கட்டத்தில் அந்த மரம் நம்மைப் பார்க்கத் தொடங்கும்.

கழுத்துக்குப் பேலட்டின் கட்டைகளில் ஒன்றை வைத்து, முன்பலகை வழியாக இரண்டு போல்ட்டைச் செலுத்தி உள்ளே நட்டு போட்டு முடுக்குங்கள். திருகாணி இங்கே போதாது. பார்க்க வரும் பிள்ளைகள் முதலில் பிடித்துத் தொங்கப்போவது அந்தத் தலையைத்தான். அலைதாடி இரண்டு பலகைத் துண்டு. தாடைக்கடியில் தொடங்கி மார்பு வரை வளைந்து இறங்கட்டும். முன்கால் மடங்கிய முட்டி, பின்னங்கால் தொடையின் பெரிய வளைவு, இரண்டையும் பலகையில் வெட்டிப் பக்கவாட்டில் பதித்தால் அடிச்சட்டமும் மறைந்துவிடும்.

கொம்பில் கவனம் வேண்டும். வளைந்த கொம்பைப் பலகையில் வரைந்து வெட்டினால் நுனிக்கு வரும்போது மரத்தின் நாரோட்டம் குறுக்கே விழுந்திருக்கும். கைபட்டால் முறியும். இதற்கு எவ்வளவு நல்ல பலகையும் உதவாது. வேப்பமரமோ புளியமரமோ கவாத்து செய்யும்போது இயற்கையாகவே வளைந்த கிளை இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். காங்கேயம் காளையின் கொம்புபோல் வெளியே விரிந்து, பின்னால் சாய்ந்து, நுனியில் ஒன்றையொன்று நோக்கி வளைவதற்கு ஏற்ற ஜோடி கிடைத்துவிட்டால் அது பெரிய பாக்கியம்.

காங்கேயம் என்றதும் நிறத்தையும் சொல்ல வேண்டும். அந்த இனத்துக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளைக்குத் திமிலும் தோளும் கருக்கும். பைன் பலகையும் அப்படியே. புதிதாக இழைத்தால் செம்மஞ்சள். வெயில் மேல்தோலில் உள்ள லிக்னினைச் சிதைக்கச் சிதைக்க, மழை அதைக் கழுவக் கழுவ, சில மாதத்தில் வெள்ளி ஓடிய சாம்பல் நிறம் வந்துவிடும். பெயின்ட் அடித்து இந்த மாற்றத்தைத் தடுத்துவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திமிலுக்கு மட்டும் எரித்த கருமை கொடுத்தால் போதும். பலகையின் மேல்பரப்பைத் தீயில் லேசாகக் கருக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டால் அந்தக் கருமை நிற்கும்.

கண் கடைசியில். சிலைக்கும் மண்குதிரைக்கும் நம் கைவினைஞர்கள் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார்கள். கொட்டாங்கச்சியை வட்டமாக அறுத்துத் தேய்த்தால் கறுத்துப் பளபளக்கும் கண் கிடைக்கும். மாட்டுக்குக் கண் முகத்தின் பக்கவாட்டில். நேர் முன்னால் வைத்தால் மனித முகமாகிவிடும். மேலே ஒரு மெல்லிய இமைத் துண்டை ஒட்டிப் பாதிக் கண்ணை மூடிவிடுங்கள். அசைபோடும் மாட்டுக்கு அரைக்கண்தான்.

செடி நடுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது உங்களுக்குத் தெரிந்த வித்தை. முதுகில் கீரையோ கத்தரியோ. திமிலுக்குள் தனியாக ஒரு சின்னத் தொட்டியை வைத்து அதில் துளசி. கழுத்தோரம் பத்துமணிப் பூ நட்டால் அலைதாடிமேல் தொங்கி மாலையாகிவிடும். பின்னால் தேங்காய்நார்க் கயிற்றில் வால். அது முடியும் இடத்தில் எலுமிச்சைப்புல் தொட்டி ஒன்று, வால்குஞ்சத்துக்கு. மரக்கன்று மட்டும் வேண்டாம். அதன் வேர் பெட்டியைப் பிளந்துவிடும். சென்னைக் கோடையில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் சூட்டை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. அதற்காகவே மரப்பெட்டி உழைப்புக்குத் தகுந்தது.

இவ்வளவு பாடுபட்டு உருவம் எதற்கு, பெட்டியாகவே வைத்தால் செடி வளராதா என்று இங்கே ஒரு அம்மா கூட்டம் தொடங்கும் முன் கேட்டார். வளரும், அம்மா. ஆனால் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்ற நாம் பிள்ளைகளை ஏவ வேண்டும். முகமும் கண்ணும் உள்ள ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்ற அவர்களை யாரும் ஏவ வேண்டியதில்லை. அதற்குப் பெயர் வைப்பார்கள், மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுவார்கள், இலை வாடினால் காளைக்கு உடம்பு சரியில்லை என்று வந்து நிற்பார்கள். வாரம் ஒருமுறை இலைக்கடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பாருங்கள். உங்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள்.

பள்ளி ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அறுப்பதையும் துளையிடுவதையும் பெரியவர்கள் செய்யுங்கள். முத்திரை படிப்பது, காந்தம் வைத்து ஆணி தேடுவது, பிரவுன் பேப்பரில் வரைவது, உப்புத்தாள் தேய்ப்பது, தென்னைநாரை அலசுவது, இவ்வளவும் பிள்ளைகள் கைக்கு விடுங்கள். பக்கத்துத் தொழிற்சாலையிடம் எச்.டி. முத்திரையுள்ள உடைந்த பேலட் இரண்டு கேளுங்கள். ஒரு காளைக்கு அது போதும். முழு அளவு வரைபடத்தின் நகல்களை வாசலோர மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் தொடங்கினால் விதைக்கும் நேரத்துக்குக் காளை தயாராகிவிடும்.